ஒன்பதாம் இடத்து வாளி

அன்பும் மரியாதையும் கலந்து அத்தைக்கு எழுதுவது,

முதலில் ஒரு கெஞ்சல். இதை யாரிடமும் காட்டாதீர்கள். மாமாவிடம் காட்டவே காட்டாதீர்கள். மாமா நல்லவர்தான், ஆனால் அவர் காதில் விழுந்தது அன்று சாயங்காலமே போனில் அப்பாவுக்கு வந்துவிடுகிறது. படித்ததும் கிழித்து, துண்டுகளை ஒரே கூடையில் போடாமல் இரண்டு கூடைகளில் போடுங்கள். நீங்களும் மாமாவும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சௌக்கியமாக இல்லை. பொன்னுக்குவீங்கி வடிந்துவிட்டது, இது வேறு.

வரலாற்றுப் புத்தகத்துக்கு அடியில் தாளை வைத்து எழுதுகிறேன். அம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். போனில் பேசலாம் என்றால் போன் அம்மாவின் மடியில் இருக்கிறது. கையெழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் பயம். மற்ற நாட்களில் கோணலாக இருப்பதற்குக் காரணம் வேறு.

விஷயத்துக்கு வருமுன் உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும். போன வருடம் என் மதிப்பெண் அட்டையை நீங்கள் பார்த்தும் இன்றுவரை ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. அந்த நன்றியை நான் நேரில் சொன்னதில்லை. அதனால்தான் இந்த ஆபத்திலும் உங்கள் முகம்தான் ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர் ஏரியில் ஒரு கரையில் மட்டும்தான் தூண்டில் போட அனுமதி என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற கரைகளில் கம்பிவேலி. அந்த ஒரு கரையில் இருபத்தாறு கற்களுக்கு வெள்ளையடித்து எண் எழுதியிருக்கிறார்கள். கல் இருபத்தாறு, ஆள் நாற்பது. இருந்தும் சண்டை வராது, ஏனென்றால் அவர்களுக்குள் யாரும் எழுதிவைக்காத சட்டங்கள் இருக்கின்றன. ஒருவருக்குப் பெரிய மீன் மாட்டினால் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் தங்கள் தூண்டிலைச் சுருட்டி வழிவிடவேண்டும். தூண்டில் நரம்பு சிக்கினால் யாருடையது மேலே இருக்கிறதோ அவர் மன்னிப்புக் கேட்கவேண்டும். எத்தனை பிடித்தீர்கள் என்று யாரையும் கேட்கக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமான சட்டம், ஒரு கல்லின் மேல் வாளி இருந்தால் அந்த இடம் வாளிக்காரருடையது. அடுத்தவர் வாளியைத் தொடுவது அடுத்தவர் சட்டைப்பையில் கையை விடுவதற்குச் சமம்.

அப்பாவுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. அந்த ஒரு நாளும் போய்ச்சேர்வதற்குள் கல் எல்லாம் நிரம்பி, சாக்கடை வாய்க்குப் பக்கத்தில் இருபத்தாறாம் இடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தொடர்ந்து நான்கு ஞாயிறு அப்படித்தான். எனக்கு மனது கேட்கவில்லை. நீங்கள் எங்கள் வீட்டிலிருந்து ரோஜாச் செடிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்களே, அதே சனிக்கிழமை சாயங்காலம் டியூஷன் முடிந்து நான் தனியாக ஏரிக்குப் போனேன். ஆமாம், தனியாக. அம்மாவின் சட்டம் உங்களுக்குத் தெரியும். "தண்ணி இருக்கிற பக்கம் தனியா காலை வச்சே, பள்ளிக்கூடம், டியூஷன் எல்லாம் கட்" என்று சொல்லியிருக்கிறாள். டியூஷன் போனால் பரவாயில்லை. பள்ளிக்கூடம் போனால் தோழிகள் போய்விடுவார்கள். குளியலறையின் பச்சை வாளியைப் பையில் மறைத்துக்கொண்டுபோய் ஒன்பதாம் கல்லின் மேல் வைத்தேன். ஒன்பதாம் இடம் மரநிழல், ஆழமான தண்ணீர், கரையிலேயே நல்ல இடம். காலையில் அப்பாவை அங்கே உட்காரவைத்து ஆச்சரியப்படுத்தவேண்டும் என்று திட்டம். அன்று ராத்திரியே கன்னம் இரண்டும் வீங்கி வாய் திறக்கமுடியாமல் போய்விட்டது. அப்பா விடியற்காலை தனியாகக் கிளம்புகிறார், நான் போர்வைக்குள்ளிருந்து "ம்ம்ம், ம்ம்ம்" என்று ஒன்பது விரலைக் காட்டுகிறேன், அவர் "ஒன்பது மணிக்கு மருந்தா? சரிம்மா, அம்மா குடுப்பா" என்று போயே போய்விட்டார்.

மத்தியானம் திரும்பிவந்தவர் முகம் தக்காளி மாதிரி இருந்தது. "எவனோ ஒன்பதுல வாளியை வச்சிட்டு ஆளே வரல! காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் வாளிதான் உட்கார்ந்திருக்கு. பத்தாவது கல்லுல மூணு பேர் நிக்கறாங்க. அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..." என்று கையைப் பிசைந்தார். கிடைத்திருப்பேன் அத்தை, பக்கத்து அறையில்தான் இருந்தேன். அதற்குப் பிறகு எனக்கு வாய் திறக்க முடிந்தபோதும் நான் திறக்கவில்லை. வாளியைப் பார்த்தும் அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாதவருக்கு வாளி மட்டும் எப்படித் தெரியும்?

இரண்டாவது ஞாயிறும் வாளி அப்படியே இருந்தது. பத்தாம் கல்லில் நடந்ததை அப்பா சொல்லச்சொல்ல, வலியோடு சிரித்தேன். அங்கே நின்ற பஸ் கண்டக்டர் மாமா வீசிய தூண்டில் முள், பக்கத்தில் நின்ற மருந்துக்கடைக்காரரின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்க் காதில் மாட்டியிருக்கிறது. "மன்னிக்கணும், என் முள் உங்க காதுல இருக்கு" என்று இவர் சொல்ல, "அவசரமில்ல சார், உங்க இன்னொரு தூண்டில்ல தக்கை ஆடுது பாருங்க, முதல்ல மீனைக் கவனிங்க" என்று அவர் சொல்லியிருக்கிறார். காதில் முள்ளோடு ஐந்து நிமிடம் நின்றாராம். பக்கத்தில் ஒன்பதாம் இடம் காலியாக, நிழலாக, வாளியோடு. ஒருவரும் காலெடுத்து வைக்கவில்லை. எல்லோருக்கும் உள்ளுக்குள் எரிச்சல், வெளியே மரியாதை. கடைசியில் அப்பாதான் பொறுக்கமாட்டாமல், "ஒரு உதை விட்டா ஏரிக்குள்ள போயிடும்" என்று காலைத் தூக்கியிருக்கிறார். அப்போதுதான் கண்டக்டர் மாமா அந்தச் செய்தியைச் சொன்னாராம். தையல்காரர் பித்தப்பைக் கல்லுக்காக முந்தின வாரம் சனிக்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார், ஆபரேஷன் ஆகிவிட்டது என்று.

தையல்காரர்தான் எப்போதும் முதல் ஆளாக வந்து ஒன்பதில் உட்காருபவர். உடனே எல்லோரும் ஒரே மாதிரி கணக்குப் போட்டுவிட்டார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போற வழியில வாளியை வச்சிட்டுப் போயிருக்கார் மனுஷன்! வலியிலயும் இடத்தை விடலை பாருங்க!" அப்பா தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தார். மருந்துக்கடைக்காரர் வாளியில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரைக் கொட்டி, கொசு வராமல் கவிழ்த்து வைத்தார். கண்டக்டர் மாமா கல்லின் மேலிருந்த சருகைத் துடைத்தார். திரும்பச் சாக்கடை வாய்க்கே போய் நின்றுகொண்டு அப்பாவே, "அவர் வர்ற வரைக்கும் யாரும் அங்க உட்காரக்கூடாது" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார். போர்வைக்குள் நான் என் விரலைக் கடித்துக்கொண்டேன்.

இதற்கிடையில் வீட்டில் அம்மா பச்சை வாளியைத் தேட ஆரம்பித்துவிட்டாள். மாடிவீட்டு ஆன்ட்டி மேல் சந்தேகம். "வாளிக்குக் கால் முளைச்சு மாடிப்படி ஏறிடுச்சு போல" என்று படிக்கட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். மறுநாள் ஆன்ட்டி புது வாளி ஒன்றை வாங்கி, அதில் தன் பெயரைப் பெயின்ட்டில் இரண்டு பக்கமும் எழுதி, எங்கள் வாசலில் காயவைத்தார். இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆன்ட்டிதான் எனக்குக் காய்ச்சல் வந்தபோது முதலில் ஓடிவந்து ஆட்டோ பிடித்தவர். அவரைப் பார்த்தால் நான் படியில் திரும்பி நிற்கிறேன்.

மூன்றாவது ஞாயிறு, அதாவது போன ஞாயிறு, அப்பா என்னையும் கூட்டிப்போனார். இதைத்தான் உங்களிடம் சொல்லவேண்டும் அத்தை. நான் நோயிலிருந்து எழுந்தவள் என்று மருந்துக்கடைக்காரர் தன் முக்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றார். யாரென்றே தெரியாத ஒருவர் என் தூண்டில் நரம்பில் விழுந்த சிக்கலை முக்கால் மணிநேரம் பிரித்துக் கொடுத்துவிட்டு, நன்றி சொல்வதற்குள் போய்விட்டார். தன் மீனைக்கூட அவர் பார்க்கவில்லை. அவ்வளவு நெரிசலிலும் ஒன்பதாம் இடம் மட்டும் கோவில் மாதிரி காலியாக இருந்தது. நடுவில் எங்கள் குளியலறை வாளி.

பத்து மணிக்குத் தையல்காரர் வந்தார். சட்டை தோளில் தொங்கியது, அவரே தைத்த சட்டை, உள்ளே ஆள் பாதியாகியிருந்தார். கரையில் ஒருவர் பார்த்தார், தூண்டிலைச் சுருட்டினார். அடுத்தவர் சுருட்டினார். இருபத்தாறு கல்லிலும் ஒவ்வொருவராகச் சுருட்டினார்கள். பெரிய மீனுக்கு மட்டும் செய்கிற மரியாதை அது. அவர் ஒன்பதுக்கு வந்து, வாளியைப் பார்த்து நின்றார்.

"இது யாரு வாளி?"

"உங்க வாளிதானே?" என்றார் கண்டக்டர் மாமா.

"என் வாளி வீட்ல இருக்குங்களே."

பிறகு அவர் எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அப்போ... யாரோ தன் வாளியை வச்சு எனக்கு இடம் பிடிச்சிருக்கீங்க. மூணு ஞாயிறா." அவர் கண் கலங்கிவிட்டது. "படுத்துக்கிட்டு நெனச்சேன், ஒரு தையல்காரன் வரலைன்னா ஏரிக்கு என்ன, மீனுக்கு என்னன்னு. யாருன்னு சொல்லுங்க."

"நான் இல்லீங்க" என்றார் ஒருவர். "நானும் இல்ல" என்றார் இன்னொருவர். நிஜமாகவே அவர்கள் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் இல்லை என்று சொல்லச்சொல்ல, அவருக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. "சரி, சொல்ல மாட்டீங்க. நானே கண்டுபிடிக்கிறேன். இந்த வாளி எந்த வீட்டுதோ, அந்த வீட்டு ஆளுக்கு என் கையால ஒரு சட்டை" என்று வாளியை எடுத்துக்கொண்டார். அப்பா தன் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தக்கை தண்ணீரிலேயே இல்லை, சுருட்டிக் கையில் வைத்திருந்தார். அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. தையல்காரர் மேல் உள்ள இரக்கம் என்று நினைக்கிறேன்.

தையல்காரரால் அதிகம் நடக்கமுடியாது, அதனால் ஒரு நாளைக்கு ஒரு தெரு. வாளியோடு வீடு வீடாகப் போய்க் கேட்கிறார். எங்கள் தெரு சனிக்கிழமை. கதவைத் திறக்கப்போவது அம்மா. கைப்பிடி உடைந்ததற்குக் கொடிக்கயிற்றின் நீலத் துண்டால் முடிச்சுப் போட்டதே அம்மாதான். "இது எங்க பாத்ரூம் வாளியாச்சே!" என்பாள். ஏரிக்கு யார் கொண்டுபோனது என்ற கேள்வி வரும். நான் தனியாகப் போனது தெரியும், ஆன்ட்டியிடம் அம்மா அநியாயமாகப் பேசியது தெரியும், இதெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் தனக்காக யாரும் வாளி வைக்கவில்லை, ஒரு பெண் தன் அப்பாவுக்காக வைத்துவிட்டு எடுக்காமல் விட்டாள் என்று அந்த மனிதருக்குத் தெரிந்தால்? அவர் சட்டைக்குள் இன்னும் பாதி ஆளாகிவிடுவார்.

அதனால் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நாளைக் காலை இதைத் தபாலில் போட்டால் உங்களுக்கு வெள்ளிக்கிழமை வந்துவிடும். வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்து, அன்றைக்கு ரோஜாச் செடிகளை வைத்துக்கொள்ள எங்கள் பச்சை வாளியை நீங்கள்தான் எடுத்துப்போனீர்கள், சொல்ல மறந்துவிட்டீர்கள் என்று சொல்லுங்கள். அம்மா உங்களைச் சந்தேகப்படமாட்டாள். சனிக்கிழமை தையல்காரர் வந்தால், "இதே மாதிரி ஒண்ணு எங்ககிட்டயும் இருந்துது, அண்ணி எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று அனுப்பிவிடுவாள். ஆன்ட்டியிடமும் பேசிவிடுவாள். நீலக் கயிறு மட்டும்தான் இடிக்கிறது. அதற்கு நீங்கள் ஏதாவது யோசியுங்கள், நீங்கள் பெரியவர்.

மாமாவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். உங்கள் ரோஜாக்கள் எல்லாம் துளிர்க்கட்டும். நீங்கள் எனக்குச் செய்ததையும் செய்யப்போவதையும் வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்.

பி.கு.: போன் செய்யாதீர்கள். உறையை ஒட்டப்போனவள் திரும்பவும் படித்துப்பார்த்தேன். வாளியை நான் அப்பாவுக்காக வைத்தேன், அது சரி. ஆனால் அவர் ஆஸ்பத்திரியில் என்று தெரிந்த பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார்களே, அவ்வளவு நெரிசலிலும் அங்கே ஒருவரும் உட்காரவில்லையே, அது தையல்காரருக்காகத்தானே? அப்படியென்றால் அவர் நன்றி சொன்னது சரியான ஆட்களுக்குத்தான். வாளி யாருடையதாக இருந்தால் என்ன. இதை அவரிடமே சொன்னால் அவர் பாதி ஆளாகமாட்டார் என்று தோன்றுகிறது. முதலில் ஆன்ட்டியிடம் போவேன், பிறகு அம்மா, பிறகு தையல்காரர். ஏரிக்குப் போனதற்கு அம்மா என்ன செய்தாலும் சரி. அதனால் மேலே கேட்ட பொய் வேண்டாம். நன்றியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்டமாட்டாள், நேரே உள்ளே வந்துவிடுவாள். அப்பாதான். வெளியே நின்றே கிசுகிசுக்கிறார், எழுதிக்கொண்டே கேட்கிறேன்.

"பாப்பா, தூங்கிட்டியா? அம்மா காதுல விழாம கேளு. அந்த ஏரி வாளி நம்ம வாளிதான். நீலக் கயிறை ஞாயித்துக்கிழமைதான் கவனிச்சேன். புழு தோண்டப் போனப்போ நான்தான் எடுத்துட்டுப் போய் அங்கேயே மறந்துட்டேன் போலிருக்கு. நானே உதைக்கப் போனேன்! மூணு நாளா சோறு இறங்கல. உன் கையெழுத்து நல்லா இருக்கும், அத்தைக்கு ஒரு கடிதம் எழுதிக்குடும்மா. வாளியைச் செடிக்கு அவங்கதான் எடுத்துட்டுப் போனாங்கன்னு அம்மாகிட்ட ஒரே ஒரு பொய்..."

அத்தை, கதவைத் திறக்கிறேன், வாளி வைத்தது நான்தான் என்று முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன், நீங்கள் போன் செய்யாதீர்கள்.