ஒரு ஜப்பான் சொல்லும் ஒன்பது நாள் சுரண்டலும்

கூச்சக்காரன் பிடிவாதம் பிடித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் ஓடிவிடுவது நல்லது. அறுபதுகளில், செஞ்சிக் கடைத்தெருவில் இருந்த என் மாமாவின் பெயின்ட் கடையில், நானே இதை நிரூபித்தேன்.

யாராவது வாங்க வந்தால் நான் டப்பாக்களுக்குப் பின்னால் போய்விடுவேன். (டப்பாக்கள் என்னைவிட நன்றாகப் பேசும்.) அன்று தொண்டூர்க்காரர் ஒருவர், மகள் கல்யாணத்துக்காக வீடு முழுக்கப் பெயின்ட் அடிக்க விலை கேட்டு வந்திருந்தார்.

"இன்னிக்காவது வாயத் தொறடா. இந்த ஆர்டர் போச்சு, நீ ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்" என்று மாமா என் காதைக் கடித்தார்.

அந்த நேரம் பார்த்து, கோட்டையைப் படம் வரைய வந்திருந்த ஜப்பான்காரர் பிரஷ் வாங்க வந்தார். எங்கள் தகரப் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்து, "ஹகேரு" என்றார்.

என்ன அர்த்தம்? தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். பழசு என்கிறாரோ? பழைய தராசைக் காட்டினேன். இல்லை. கிழிசலோ? என் சட்டையைக் காட்டினேன். அதுவும் இல்லை. அவர் பலகையை நகத்தால் சுரண்டினார். பெயின்ட் செதில் உதிர்ந்தது. "ஹகேரு." தன் நோட்டில் வரைந்திருந்த, காரை பெயர்ந்த கோட்டைச் சுவரைக் காட்டினார். "ஹகேரு." வெளுத்துப்போன என் குடையைக் காட்டினேன். ஆமென்று தலையாட்டினார்.

புரிந்துவிட்டது! மேலே இருப்பது போய் அடியில் இருப்பது தெரிவது. ஆனால் புதுசுக்கு இது பொருந்தாதே? அதையும் உறுதி செய்துகொள்ள வேண்டாமா?

மாதிரிக்காக மாமா முந்தின நாள்தான் கடைச்சுவரில் பச்சை அடித்திருந்தார். "பத்து வருசம் ஆனாலும் அப்படியே இருக்கும்ணா" என்று அதைக் காட்டித்தான் தொண்டூர்க்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் அதன் ஓரத்தில் நகத்தை வைத்தேன். பச்சை மொத்தமும் தோசை மாதிரி சுருண்டு கையோடு வந்தது. (அடியில் இருந்த பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமலே மாமா அதன்மேல் அடித்திருந்தார்.)

"ஹகேரு!" என்று ஜப்பான்காரர் கைதட்டினார்.

"இன்னாய்யா சொல்றாரு அவரு?" என்றார் தொண்டூர்க்காரர்.

வாழ்க்கையில் முதல் முறையாக, கடைக்கு வந்தவரிடம் சத்தமாக, தெளிவாகப் பேசினேன்: "பெயின்ட் உரிஞ்சிக்கிச்சுன்னு சொல்றாருங்க."

மாமா முகத்தில் நிறமே இல்லை. தொண்டூர்க்காரர் சிரித்த சிரிப்பில் அவர் துண்டு கீழே விழுந்தது.

"பத்து வருசம்னியே, ஒரு ராத்திரி தாங்கலியே! எங்கூட்டு செவுத்த இந்தப் பையனே சுரண்டட்டும். அப்புறம் நீ பெயின்ட் அடி."

ஒன்பது நாள் சுரண்டினேன். பஸ் ஏறவில்லை.

பிறகு எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "எங்க பையன் சொக்கத் தங்கம்ங்க" என்றார் மாமா. "சுரண்டிப் பாத்தாச்சா?" என்று கேட்டாள் என் அத்தை. எங்கள் ஆட்கள் எல்லோரும் சிரிக்க, பெண் வீட்டார் விழித்தார்கள்.

என் மனைவி இப்போது அதைக்கூடக் கேட்பதில்லை. நான் பெருமை பேச ஆரம்பித்தால் கட்டைவிரல் நகத்தை மட்டும் நீட்டுகிறாள்.