களிக்கு இரண்டு, மற்றதெல்லாம் ஒன்பது

“சாப்பிடறதுக்கு எதுக்கு அம்மிணி படிப்பு? வாய் இருந்தாப் பத்தாதா?”

உணவு அறிவியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது என் மாமா கேட்ட கேள்வி இது. கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே சந்தேகம் கேட்டார். சாமராஜநகர்ப் பக்கம் ராமாபுரத்தில் தன் மக்காச்சோளக் காட்டு வரப்பில் நின்றிருந்தார். அந்தக் காட்டில் முன்பு ராகி விளைந்தது. இப்போது விளையும் சோளம் லாரி ஏறிப் போய், கோழித் தீவனமாகவும் மாவாகவும் எங்கெங்கோ சுற்றிவிட்டு, சாஸ் பாட்டிலுக்குள்ளும் சிப்ஸ் பாக்கெட்டுக்குள்ளும் புகுந்து ஊர்க் கடைக்கே திரும்பி வருகிறது. மாமா அதைக் காசு கொடுத்து வாங்கித் தின்கிறார். (இதை அவருக்கு விளக்கிப் பார்த்தேன். “அப்ப நம்ம சோளம் நம்மகிட்டயே வந்துருச்சா? நல்லதுதான?” என்றார். என் படிப்பு தோற்ற முதல் இடம் அது.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இதைப் பணிவாகச் சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு வராது. அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். மைசூரில் புதிதாக எழும்பிய அபார்ட்மெண்டுகளில் பாதிக்கு மேல் அம்மாவின் தலை ஏறிப் போன செங்கல்தான். (பாதி என்பது அம்மாவின் கணக்கு.) அதே ஊரில் கேசரேயில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பட்டப்படிப்பும் மேல்படிப்பும் முடித்தேன். முடித்த சூட்டில் மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு கம்பெனியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது.

அந்தக் கம்பெனி உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் ருசியை வாங்கிப் பாக்கெட்டில் அடைத்து, உலகத்தின் மற்ற மூலைகளுக்கு விற்றது. இத்தாலிப் பாஸ்தா, கொரியச் சிவப்புச் சாஸ், சீஸ் பொடி, எல்லாம் உண்டு. வேலையின் பெயர் சுவைப் பரிசோதகர். அதாவது, உட்கார்ந்து ருசி பார்ப்பதற்குச் சம்பளம்.

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு மூட்டுவலி. மாடிப்படி ஏறும்போது படிக்கொரு முறை நின்று மூச்சு விடுவாள். நான் அழைப்பு வந்திருக்கிறது என்று சொன்னதை வேலை கிடைத்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டு, மேஸ்திரியிடம் போய், “திங்கக்கெழமல இருந்து நான் வரமாட்டேன். எம்பொண்ணு ஆபீசருக்குப் போறா” என்று அறிவித்துவிட்டாள். மேஸ்திரி அன்றே வேறு ஆளைப் பேசிவிட்டார்.

ஆக, நான் வேலை வாங்காவிட்டால் அம்மா மறுபடி அவரிடம் போய் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறும்போது எனக்கு இருந்த நிலவரம் இதுதான். ஆனாலும் கவலையில்லாமல்தான் போனேன். சாப்பிடும் தேர்வில் யாராவது ஃபெயில் ஆவார்களா?

சுவை பார்க்கும் அறை ஓட்டுச்சாவடி மாதிரி இருந்தது. ஆளுக்கொரு தடுப்பு. உணவின் நிறம் தெரிந்து ஏமாறாமல் இருக்கச் சிவப்பு விளக்கு. எதிர்ச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் மாதிரித் தட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவார். நாம் கொஞ்சமாக வாயில் போட்டு, நாக்கில் உருட்டி, மூடி போட்ட கோப்பையில் துப்ப வேண்டும். தண்ணீரில் வாய் கொப்பளித்து, சப்பென்ற ஒரு பிஸ்கட்டைக் கடித்து, அடுத்ததற்குப் போக வேண்டும். ஒன்று என்றால் மிகவும் பிடிக்கவில்லை, ஒன்பது என்றால் மிகவும் பிடித்திருக்கிறது என்று மதிப்பெண் போட வேண்டும்.

இதெல்லாம் எனக்குப் புதிது இல்லை. ஏன் விழுங்கக் கூடாது, ஏன் துப்ப வேண்டும் என்று பரீட்சையில் மூன்று பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். (அந்த மூன்று பக்கத்தையும் இன்றும் ஒப்பிப்பேன்.)

ஜன்னல் திறந்தது. கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை பாஸ்தாக் கிண்ணத்தை உள்ளே வைத்தது. கையோடு ஒரு குரலும் வந்தது. “ஊட்டா மாடம்மா.”

சாப்பிடம்மா என்று கன்னடத்தில் சொல்கிறது அந்தக் கை. அப்படிப் பேச அதற்கு அனுமதி கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது. முகம் தெரியாத ஒரு அம்மா, பரிமாறிவிட்டு, சாப்பிடு என்கிறாள். அவள் வைத்ததை அவள் காதுபடத் துப்புவதா? எங்கள் வீட்டில் சோற்றில் கல் கிடந்தால்கூட, ஆக்கியவர் பார்க்காத நேரமாகப் பார்த்து எடுத்து ஒளித்துவைப்போம்.

விழுங்கினேன். கிண்ணத்தில் மிச்சம் வைப்பது மரியாதையில்லை என்று முழுவதையும் விழுங்கினேன். கிண்ணம் காலியாகத் திரும்பியதைப் பார்த்ததும் அந்தக் கைக்கு என்ன தோன்றியதோ, அடுத்த கிண்ணத்தில் அளவு கொஞ்சம் கூடுதலாக வந்தது. சீஸ் சூப். குடித்தேன். சிவப்புச் சாஸில் ஊறிய ஏதோ ஒன்று. தின்றேன். ஆலிவ் எண்ணெயை ஸ்பூனில் கொடுத்தார்கள், மருந்து மாதிரி கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். கொப்பளிக்க வைத்த தண்ணீரையும் குடித்தேன். வாயைச் சுத்தம் செய்ய வைத்திருந்த பிஸ்கட்டுகளையும் தின்று முடித்தேன். நடுவில் சிப்ஸ் வந்தது. பழைய எண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறியது. அதையும் தின்றேன். துப்பும் கோப்பை கடைசிவரை கன்னி கழியாமல் இருந்தது.

மதிப்பெண்? எல்லாவற்றுக்கும் ஒன்பது. ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாப்பாடு எப்படி என்று கேட்டால் நாலு என்று சொல்வார்களா?

கடைசியாக ஒரு கிண்ணம். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. ராகிக் களி. கஞ்சிக்கும் களிக்கும் நடுவில் தளர்வாக, ஸ்ட்ராபெரி வாசனையோடு இருந்தது. மாவு வேகவில்லை, நாக்கில் ஒட்டியது. மறு யோசனை இல்லாமல் இரண்டு போட்டேன்.

சிறிது நேரத்தில் முதலாளியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் முதலாளி, பக்கத்தில் அவர் மனைவி. நான் உட்கார்ந்த நொடியில் விக்கல் தொடங்கியது. (விக்கல் வந்தால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்பாள் அம்மா. அன்று மைசூர் ஜில்லாவே என்னை நினைத்திருக்க வேண்டும்.) பேச்சு கன்னடத்தில் நடந்தது. விக்கலுக்கு மொழி இல்லை.

“எல்லாத்துக்கும் ஒன்பது போட்டிருக்கீங்க” என்றார் முதலாளி. “அந்தச் சிப்ஸ் கெட்டுப்போனது. வேணும்னே வெச்சோம், கண்டுபிடிக்கிறாங்களான்னு பாக்க. அதுக்கும் ஒன்பதா?”

“நாத்தம் தெரிஞ்சுது சார். ஹிக்.”

“தெரிஞ்சும் ஒன்பதா?”

“உங்க வீட்டுச் சாப்பாட்டை எப்படி சார் நல்லா இல்லைன்னு... ஹிக்.”

“இது வீடு இல்லம்மா, ஃபாக்டரி. சரி, ராகிக்கு மட்டும் ஏன் ரெண்டு?”

“அது எங்க வீட்டுச் சாப்பாடு சார். அதைத் திட்டலாம்.”

முதலாளியின் மனைவி கண்ணாடியைக் கழற்றினார். “அதுதான் நாங்க ஜெர்மனிக்கு அனுப்பப்போறது. ஸ்ட்ராபெரி நான் செலக்ட் பண்ணினது.”

அந்த இடத்தில் எந்தப் பெண்ணும் நிறுத்தியிருப்பாள். நான் படித்தவள். “வாசனை பரவால்ல மேடம், மாவுதான் வேகலை. எங்கம்மா இப்படிக் கிண்டினா எங்கப்பா தட்டை விட்டு எந்திரிச்சிடுவார். ஹிக்.”

முதலாளி காகிதத்தை மடித்தார். “எல்லாத்துக்கும் ஒன்பது போட்டா அது டேஸ்டிங் இல்லம்மா, ஆசீர்வாதம்” என்றார். தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

கேசரே பஸ்ஸில் இத்தாலியும் கொரியாவும் என் வயிற்றுக்குள் எல்லைத் தகராறு செய்துகொண்டே வந்தன. வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார்.

“வேல கெடச்சுதா கண்ணு?”

“இல்லப்பா.”

“என்ன கேட்டாங்க?”

“சாப்பிடச் சொன்னாங்க.”

“நீ சாப்பிடலயா?”

“சாப்பிட்டேன். அதனாலதான் இல்லைன்னுட்டாங்க.”

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “படிச்சவங்க வெவகாரம் நமக்குப் புரியாது” என்று உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை அம்மா சும்மாட்டுத் துணியை உதறி எடுத்துக்கொண்டு மேஸ்திரியிடம் போனாள். அவர் திட்டாமல் சேர்த்துக்கொண்டார். திட்டும் வேலையை உடன் வேலை செய்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். “ஏனுங்க ரத்னாக்கா, உங்க பொண்ணு திங்கிற பரிச்சையில பெயிலாமே? அப்ப எங்களையெல்லாம் அனுப்பியிருந்தா பாஸாயிருப்போமே!” அம்மாவே வந்து இதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கச் சொன்னாள். தேய்த்தேன்.

அதன்பிறகு பயிற்சியில் இறங்கினேன். குளியலறையில் துப்பிப் பழகினேன். வீட்டுச் சாப்பாடு, பக்கத்து வீட்டுச் சாப்பாடு, கல்யாணச் சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டேன். ஒருநாள் கத்தரிக்காய்க் குழம்புக்கு நாலு போட்டதற்கு அம்மா கரண்டியோடு எழுந்து வந்தாள். “நாலா? நாளைக்கு நீ ஆக்கு, நான் மார்க்குப் போடறேன்.” போட்டாள். ஒன்று. விளக்கம் கேட்டதற்கு, “ஒண்ணுக்குக் கீழ இல்லைன்னியே” என்றாள்.

அடுத்து வேறொரு கம்பெனிக்குப் போனேன். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு துப்பினேன். மூன்றும் நாலுமாக அள்ளிப் போட்டேன். வேலை கிடைத்தது. இந்தத் தடவை ஆர்டரை அப்பா கையில் வாங்கித் தடவிப் பார்த்த பிறகுதான் அம்மா மேஸ்திரியிடம் சொன்னாள்.

வேலையில் சேர்ந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு நூடுல்ஸோ ஓட்ஸோ வந்தால், கம்பெனி அதை நம் ஊர்ப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்து ருசி பார்க்கச் சொல்லும். எட்டும் ஒன்பதுமாகக் கொட்டும். தலைமை அலுவலகத்தில் சந்தோஷப்பட்டு, லாரி லாரியாக அனுப்புவார்கள். பாக்கெட்டுகள் சாமராஜநகர்க் கடைகளில் தூசி படிந்து தொங்கும். யாரும் இரண்டாவது பாக்கெட் வாங்க மாட்டார்கள். மீட்டிங்கில் எல்லோரும் விலை சரியில்லை, விளம்பரம் சரியில்லை என்று பேசுவார்கள். யார் யாரோ எங்கேயோ உட்கார்ந்து நம் தட்டில் என்ன விழ வேண்டும் என்று முடிவு செய்வது, உபசரித்தவர் மனம் நோகக் கூடாது என்று நம் பெண்கள் போட்ட ஒன்பதை நம்பித்தான். அந்த ஒன்பது எப்படிப்பட்டது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் அந்த ஒன்பது கேலி இன்றும் ஓடுகிறது. விருந்தாளி யாராவது “சாப்பாடு பிரமாதம்” என்றால் போதும். அப்பா தலையை நிமிர்த்தாமல் கேட்பார்: “ஒம்பதா, நெசமாவா?” என் தம்பிக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் கேட்டார். பெண்ணின் அம்மா முகம் சுருங்கிவிட்டது. விளக்கிச் சொல்லப் போய், சம்பந்திகளுக்கு என் கதை முழுக்கத் தெரிந்துவிட்டது.

மதிப்பெண் கேட்காமல் பிடித்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதைத்தான் இப்போது முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். பதிவு முடிந்துவிட்டது. முதல் சோதனையை ராமாபுரத்தில் நடத்தினேன். நாலு வகைச் சாப்பாடு பரிமாறினேன். யாரிடமும் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் வாசலில் மிச்சச் சாப்பாட்டுப் பாத்திரங்களை வைத்து, வீட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டியதை எடுத்துப்போங்கள் என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றேன். மூன்று பாத்திரங்களைச் சுரண்டி எடுத்துப் போயிருந்தார்கள். ஒன்றை ஒருவரும் தொடவில்லை.

அடுத்த ஊர் குண்டலுபேட்டை. இன்று காலை அம்மாவும் நானும் டப்பாக்களோடு பஸ் ஏறினோம். கண்டக்டர் சீட்டுக்கடியில் குனிந்து பார்த்து, “இதென்னம்மா, சாப்பாடா லக்கேஜா?” என்றார்.

“எம்பொண்ணோட ஆராய்ச்சிங்க” என்றாள் அம்மா.

அவர் டப்பாக்களை எண்ணிப் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பஸ் நஞ்சன்கூடைத் தாண்டிவிட்டது.