ஐம்பத்தெட்டு டிகிரியில் இல்போ

மைத்துனி மிர்யாவின் ஏரிக்கரை வீடு வரை எண்பத்தாறு கிலோமீட்டர். அதுவரை கார் கொதிக்கக் கூடாது. கொதித்தாலும் மனைவி சிர்ப்பாவுக்குத் தெரியக் கூடாது.

இந்த இரண்டு தீர்மானங்களோடுதான் பின்லாந்தின் நடுக்கோடை விழாவன்று காலையில் இல்போ காரின் முன்மூடியைத் திறந்து பார்த்து, பெருமூச்சு விட்டு, மூடினான். ஐம்பத்து நாலு வயதில் ஒரு மனிதனின் லட்சியங்கள் இவ்வளவு சுருங்கிவிடுமா என்று அவனுக்கே வருத்தம்தான். ஆனால் வேறு வழியில்லை. போன மாதம் கடைவாசலில் கார் ஆவி கக்கி நின்றது. பக்கத்து வீட்டு வெய்யோ தன் மின்சாரக் காரில் சத்தமில்லாமல் நழுவிப் போனபடி கையசைத்தான். அன்று சாப்பாட்டு மேஜையில் சிர்ப்பா ஒரே ஒரு வரி சொன்னாள்: "இன்னொரு தடவை கொதிச்சுதுன்னா முடிவு என்னோடது."

இல்போ தலையாட்டிவிட்டான். என்ன முடிவு என்று கேட்கத் தைரியம் வரவில்லை. காருக்கு இருபத்தாறு வயது. பழைய கார்களை நசுக்கிக் கட்டியாக்கும் இடம் ஊருக்கு வெளியே இருந்தது. அந்தப் பக்கம் போகும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

நோய் என்னவென்று அவனே கண்டுபிடித்திருந்தான். என்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் தண்ணீரின் மட்டம் வாரத்துக்கு ஒரு விரற்கடை இறங்கியது. ஆயில் சூடேறித் தண்ணீராக இளகி, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஆயில் விளக்கு சிவப்பாகக் கண்ணடித்தது. எல்லாவற்றையும்விட மோசம், ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் மயோனைஸ் மாதிரி ஒரு வெள்ளைப் பசை. அதைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு ரொட்டியில் மயோனைஸ் இறங்கவில்லை. தண்ணீரையும் ஆயிலையும் பிரித்து வைக்கும் கேஸ்கட் போய்விட்டது, தண்ணீர் ஆயிலில் கலக்கிறது, என்ஜின் சாகப்போகிறது. மெக்கானிக்கிடம் போனால் அவர் இதைச் சத்தமாகச் சொல்லிவிடுவார். அதனால் போகவில்லை. டாக்டரிடம் போகாததற்கும் அவனுக்கு இதே காரணம்தான்.

கைவசம் இருந்த ஒரே மருந்து ஹீட்டர். அதை முழுசாகத் திறந்துவிட்டால் என்ஜின் சூட்டில் ஒரு பங்கு காருக்குள் வந்துவிடும். என்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொடாது. வெளியே வெயில் இருபத்தொன்பது டிகிரி என்பதுதான் சின்ன இடைஞ்சல்.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு," என்றான். "சூடு படணும். காத்து படவே கூடாது."

சிர்ப்பா அவனைப் பார்த்தாள். அவன் இடுப்பைப் பார்த்தாள். உள்ளே போனவள் இரண்டு துண்டுகளோடும், நீராவிக் குளியலறையான சவுனாவின் சுவரில் தொங்கும் மரச்சட்ட வெப்பமானியோடும் வந்தாள். வெப்பமானியைக் காரின் பின்பார்வைக் கண்ணாடியில் மாட்டினாள்.

"சவுனான்னே நினைச்சுக்குவோம். யாரு முதல்ல முடியலங்கறாங்களோ அவங்க தோத்தாங்க. தோத்தவங்க கையாலதான் ஹீட்டரை அணைக்கணும்."

இல்போவுக்குத் தன் அதிர்ஷ்டத்தை நம்ப முடியவில்லை. சிர்ப்பா வடக்கே இசல்மி ஊர்ப் பக்கத்துக்காரி. சவுனாவில் சூடு அதிகமான மேல்படியிலிருந்து அவள் வீட்டில் யாரும் முதலில் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. உயிரே போனாலும் இவள் ஹீட்டரில் கை வைக்க மாட்டாள். ஆக, என்ஜின் பிழைத்தது. தான் பிழைப்போமா என்பதை அவன் யோசிக்கவில்லை.

இருபதாவது கிலோமீட்டரில் நாற்பத்தாறு டிகிரி. சிர்ப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மிர்யாவின் புதுப் படகைப் பற்றியும் புது உருளைக்கிழங்கைப் பற்றியும், ஏரிக் காற்றில் உட்கார்ந்திருப்பவள் போலப் பேசிக்கொண்டே வந்தாள். பின்சீட்டிலிருக்கும் சால்மன் மீனை அங்கே போய்ச் சுட வேண்டியிருக்காது என்றும் சொன்னாள். இல்போ எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு மேட்டிலும் முள் ஒரு மயிரிழை ஏறும். அவன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை ஒரு மயிரிழை எடுப்பான். தடதடப்பது என்ஜினா தன் நெஞ்சா என்று பிரித்தறிய முடியவில்லை. எதற்காக இந்தப் பாடு? ஒரு இரும்புப் பெட்டிக்காகவா? அது போனால் அடுத்து நம் முறை என்ற பயமா? பதிலுக்கு வியர்வைதான் வந்தது.

ஐம்பத்தாறாவது கிலோமீட்டர். ஐம்பத்தெட்டு டிகிரி.

"என்ன, மேல்படியிலிருந்து இறங்கறியா?" என்றாள் சிர்ப்பா.

"இல்ல."

"மூஞ்சி வெந்த நண்டு மாதிரி இருக்கு."

"நண்டைப் பார்க்காதே. ரோட்டைப் பாரு."

"ஓட்டறது நீ, இல்போ."

அது உண்மைதான். ஆனால் ரோடு இரண்டாகத் தெரிந்தது. இரண்டிலும் ஒரே லாரி வந்தது. இல்போ செத்துப்போகப் பயந்தான். கை தானாக நீண்டு ஹீட்டரை அணைத்தது. ஜன்னல் இறங்கியது. காற்று முகத்தில் பட்ட அந்த அரை நிமிடம் சொர்க்கம். பிறகு முள் ஒரே தாவலாகச் சிவப்புக்குப் போனது, ஆயில் விளக்கு எரிந்தது, முன்மூடியின் இரு ஓரங்களிலும் ஆவி பீறிட்டது.

ஓரமாக நிறுத்தினான். சிர்ப்பா நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். ஆறும் வரை யாரும் ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, முன்மூடியைத் திறந்தாள். பிறகு அவன் கையைப் பிடித்து ரேடியேட்டரின்மேல் வைத்தாள்.

"சுடுதா?"

"இல்லையே."

"என்ஜின் கொதிக்குது, இதுல வெயில் சூடுதான் இருக்கு. ரேடியேட்டருக்குத் தண்ணி திறந்துவிடற தெர்மோஸ்டாட் மூடினபடியே ஒட்டிக்கிச்சு. தண்ணி இங்க வரவே இல்ல, ஹீட்டர் வழியாத்தான் சுத்திக்கிட்டிருந்தது."

இல்போ வெள்ளைப் பசையைப் பற்றி ஒப்புக்கொண்டான். சிர்ப்பா ஆயில் அளவுக் கம்பியை உருவி அவன் கண்முன் நீட்டினாள். ஆயில் கருப்பாக, சுத்தமாக, தண்ணீரின் சுவடே இல்லாமல் இருந்தது. "குளிர்காலம் பூராவும் கடைக்கு ஒண்ணரை கிலோமீட்டர் போனே, வந்தே. என்ஜின் சரியாச் சூடாகவே இல்ல. உள்ள வேர்த்து மூடியில ஒட்டிக்கிச்சு. கூலன்ட் கொதிச்சுக் கொதிச்சுத்தான் குறையுது. கேஸ்கட் நல்லாத்தான் இருக்கு."

டிராக்டர் பட்டறைக்காரரின் மகள் அவள். கைப்பையிலிருந்து ஒரு ஸ்பேனரையும், பெட்டி பிரிக்காத புதுத் தெர்மோஸ்டாட்டையும், கூலன்ட் புட்டியையும் எடுத்தாள். தெர்மோஸ்டாட் எப்போது வாங்கியது என்று இல்போ கேட்டான். ஈஸ்டர் பண்டிகையின்போது வாங்கியது என்றாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லன்னே. மூணு மாசமா ஒண்ணுமில்லன்னே."

என்ஜின் ஆறும் வரை முக்கால் மணி நேரம் பிர்ச் மரத்தடியில் பிளாஸ்க்கிலிருந்து காப்பி குடித்தாள். பிறகு இரண்டு போல்ட். இருபது நிமிடம். இல்போ ஏறிச் சாவியைத் திருப்பியதும் கார் பூனை போலக் குரல் கொடுத்தது, முள் நடுவில் நின்றது. இல்போவுக்குக் கண் கலங்கியது. கார் சாகவில்லை. கெஞ்சிவிடுவது என்று முடிவு செய்தான்.

"சிர்ப்பா, இதை நசுக்கக் குடுத்துட வேண்டாம்."

"யாரு குடுக்கப் போறா? இன்னும் பத்து வருஷம் ஓடும்." கையைத் துடைத்துவிட்டுச் சாவிக்காக நீட்டினாள். "இறங்கு. கொதிச்சா முடிவு என்னோடதுன்னேன்ல? நான் மாத்தறது டிரைவரை."