அசையாத மயில் கழுத்து

எனக்கு வராத வேலையை என்னால் ரசிக்கவே முடியாது. பூப்பந்து ஆடப் போனால், தோற்றுவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன். கரோக்கே பாடப் போய், சுருதி பிசகியதற்கு மைக்கைத் திட்டியிருக்கிறேன். (பாவம், அது வாயில்லா ஜீவன்.) இப்படியே என் மனைவி கலாவுக்குப் பிடித்த ஒவ்வொன்றையும் கெடுத்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது கோலம். மலேசியாவின் மூவாரில், எங்கள் தாமான் குடியிருப்பின் கோயில் மண்டபத்தில் தீபாவளிக்கு முன் கோலப் போட்டி நடக்கும். சாயம் ஏற்றிய அரிசியைத் தரையில் தூவி நிரப்ப வேண்டும். அந்த வருஷம் கணவன் மனைவி ஜோடியாகத்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஜெயிக்கணும்னு இல்ல லா. என்கூட ஜாலியா உட்காருங்க, போதும். இந்தத் தடவையும் மூஞ்சியத் தூக்குனீங்கன்னா, இனிமே எதுக்கும் கூப்பிட மாட்டேன்" என்றாள் கலா. குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போட்டியன்று சுண்ணக்கட்டியால் அழகாக ஒரு மயில் வரைந்தாள். கழுத்து என் பொறுப்பு. நீல அரிசி கோட்டுக்குள் நிற்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. பாதி, பக்கத்து ஜோடியின் தாமரைக்குள் போய் விழுந்தது. அவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது.

கலா மஞ்சள் அரிசி வாங்கப் போன நேரம் பார்த்துக் காருக்கு ஓடினேன். நான் நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். மரம் ஒட்டும் பசை எப்போதும் பின்சீட்டில் கிடக்கும். சிமெண்டுத் தரையில் கழுத்து முழுக்கப் பூசி, அரிசியைக் கொட்டி அமுக்கினேன். ஒரு அரிசிகூட அசையவில்லை! முதல்முறையாக, வராத வேலையை ரசித்துச் செய்தேன். விசில்கூட அடித்தேன்.

திரும்பி வந்த கலா விரலால் தொட்டுப் பார்த்தாள். "அலமாக்! என்னத்தப் பூசினீங்க?"

"பசை. நாற்காலியே அசையாது, அரிசி எங்க அசையப் போகுது?"

"நாளைக்குக் காலையில இங்க கல்யாணம்ங்க! இன்னிக்கே எல்லாத்தையும் பெருக்கணும்!"

போட்டி முடிந்ததும் மயில் துடைப்பத்தோடு போனது. கழுத்து மட்டும் போகவில்லை. சுரண்டினோம், வெந்நீர் ஊற்றினோம். தலையும் இல்லாமல் உடம்பும் இல்லாமல் நீலக் கழுத்து அப்படியே நின்றது. கலா வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துவிட்டாள். இனி இவள் எதற்கும் கூப்பிடமாட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் அந்தக் கல்யாணத்துக்குப் போனோம். வந்தவர்கள் ஏதோ சாமி சமாசாரம் என்று கழுத்தை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். ஒரு பெரியவர் குனிந்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதுவரை உம்மென்றிருந்த கலா என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கும் தாங்கவில்லை.

கழுத்து இன்னும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாராவது விளையாட்டில் ரொம்பத் தீவிரமானால், "பசை எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்பார்கள். எனக்குக் கோலம் இன்றுவரை வரவில்லை. ஆனாலும் கலா வருஷா வருஷம் கூப்பிடுகிறாள். என் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அரிசியைக் கையில் தருகிறாள்.