மாப்பிள்ளை வந்த விமானமும் நாங்கள் போன வண்டியும்

அரியலூர்ச் சத்திரம்,
ஞாயிற்றுக்கிழமை காலை, 1946

உடையார்பாளையம் சம்பந்தி வைரக்கண்ணு அவர்கள் சமூகத்துக்கு, பெரம்பலூர் கண்ணையன் கைகூப்பி எழுதிக்கொண்டது. நாங்கள் உடம்பால் சௌக்கியம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள்.

தங்கள் குமாரர், எங்கள் மாப்பிள்ளை பாலசுந்தரம், சென்னையில் வீடு பிடித்துவிட்டாராம். சனிக்கிழமை கம்பெனி துரையோடு விமானத்தில் திருச்சி வந்து, அன்றைக்கே ரயிலில் சென்னை திரும்புவதாகவும், நாலு மணிக்கு அரியலூர் ஸ்டேஷனில் எங்கள் பெண் ஜெகதாம்பாளும் குழந்தையும் ஏறிக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தார். கடைசி வரி, "இந்தத் தடவையும் அனுப்பாவிட்டால் உங்கள் பெண் உங்களோடேயே இருக்கட்டும்." எழுத மாட்டாரா பின்னே? குழந்தைக்கு மாந்தம் என்று ஒரு தடவை, என் சம்சாரம் ரத்தினம்மாள் அழுகிறாள் என்று ஒரு தடவை, ஏற்கெனவே தள்ளிப்போட்டவர்கள் நாங்கள். எட்டு மாசமாகியும் பெற்ற பிள்ளையின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

பெரம்பலூரிலிருந்து இருபது மைல். விடியற்காலையில் வண்டி கட்டியிருந்தால் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே வந்திருக்கலாம். கட்டினேனா? சர்வே ஆபீசில் முப்பது வருஷம் சங்கிலி இழுத்த புத்தி சும்மா இருக்குமா? படத்தில் நூல் பிடித்து அளந்தேன். சென்னைக்கும் திருச்சிக்கும் ஆகாய மார்க்கமாகச் சுமார் நூற்றெண்பது மைல், ஒன்றரை மணி நேரம். நூல் எங்கள் ஊர்த் தலைமேலேயே போயிற்று. விமானம் ஏழேகாலுக்குக் கிளம்பினால் எட்டரைக்கு எங்கள் ஊரில்! "இருங்க, புள்ளைக்கு அப்பாவைக் காட்டிட்டுப் போவோம்" என்று நான்தான் சொன்னேன். என் நாக்கை அறுக்க வேண்டும். கழுத்து வலிக்க நின்றோம். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில், கொட்டைப்பாக்கு அளவில் வந்தது. "அதோ பாருடா, அப்பா!" என்று ஜெகதாம்பாள் கத்தினாள். பயல் ஒரு காக்காயைப் பார்த்துச் சிரித்தான். சரி, ஏறுங்கள் என்றால் மணி ஒன்பது. சனிக்கிழமை ராகு காலம்! ரத்தினம்மாள் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். "மாப்பிள்ளை ராகு காலத்துலதானடி பறக்குறாரு!" என்றேன். "மேல போறவங்களுக்கு ஏதுங்க ராகு காலம்? நாமதானே மண்ணுல போறோம்" என்கிறாள். பத்தரைக்குக் கிளம்பி, பாதி வழியில் அச்சாணி விழுந்து, அதைத் தேடிக் கண்டெடுத்து, ஸ்டேஷன் வந்து சேர்ந்தபோது போர்ட்டர் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். "வண்டி போயி ரெண்டு மணி நேரமாச்சுங்களே" என்றார். ஜெகதாம்பாள் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கடிதத்தில் அந்தக் கடைசி வரியையே திரும்பத் திரும்பப் படித்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

ஆகையால் சம்பந்தி, தாங்கள்தான் மாப்பிள்ளைக்கு எழுத வேண்டும். புத்தி கெட்டவன் நான். பெண் என்ன செய்வாள்? அவளை ஒதுக்கிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். தங்கள் காலில் விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். தங்கள் வீட்டில் நெல்லும் பாலும் பொங்கட்டும்.

இப்படிக்கு,
கண்ணையன்

பி.கு.: அவருக்கு ஒன்றும் எழுத வேண்டாம். இதைத் தபால் பெட்டியில் போடப் போனேன், பெரம்பலூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் பஸ்ஸிலிருந்து மாப்பிள்ளையே இறங்குகிறார்! நேற்று எங்களைக் காணோமே என்று ரயிலை விட்டு இறங்கி, ஜட்கா பிடித்துக் குறுக்குப் பாதையில் பெரம்பலூர் போய், எங்கள் வீட்டுப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். "என்ன மாமா நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று ஆரம்பித்தார். ஜெகதாம்பாள் குழந்தையை அவர் கையில் வைத்தாள். புது முகம் பார்த்து அது வீறிட்டது. அவ்வளவுதான், இவரும் கூடச் சேர்ந்து அழுதுவிட்டார். வண்டி நாலு மணிக்கு. இப்போது மணி எட்டுதான்; எல்லோரும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தாயிற்று.