நாக்கில் படாத பிஸ்கட்

பிஸ்கட் வாய்க்குள் போய்விட்டது. விழுங்கக் கூடாது. துப்பவும் வழியில்லை. சுற்றி நாலு பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்ப்பதுதான் அவர் வேலை. அவர் தலையாட்டினால்தான் சரக்கு லாரி ஏறும். பெயரே மறந்துபோய் எல்லோருக்கும் அவர் ருசிக்காரர்தான்.

கொஞ்ச காலமாக அவருக்கு முழங்கையிலும் முழங்காலிலும் முதுகிலும் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். அரிப்பென்றால் அப்படியொரு அரிப்பு! கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். தொற்றுநோயோ என்று பயந்து மனைவியை விட்டுத் தள்ளியே படுத்தார். நேற்றுதான் தோல் டாக்டர் துளித் தோலை எடுத்துச் சோதித்ததன் முடிவைச் சொன்னார்.

"ஒட்டிக்கிற வியாதி இல்லை, பயப்படாதீங்க. கோதுமையில இருக்கிற ஒரு சத்து உங்களுக்கு ஆகலை. அதை எதிர்க்கிறேன்னு உடம்பு உங்க தோலையே தாக்குது. மாத்திரை தர்றேன். ஆனா ரொட்டி, கேக், பிஸ்கட் எதையும் வாயிலயே வைக்கக் கூடாது."

போன உயிர் திரும்பி வந்தது. "என்ன வேலை பாக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டதும் மறுபடியும் போய்விட்டது.

"மேனேஜர்கிட்ட சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி.

"பிஸ்கட் தின்னக்கூடாத ருசிக்காரனை வச்சு அவர் என்ன பண்ணுவார்? வீட்டுக்குத்தான் அனுப்புவார்!"

அதனால்தான் இப்போது இந்தப் பாடு. பொய்யாக இருமி, பிஸ்கட்டைக் கைக்குட்டைக்குள் தள்ளினார்.

"இருமல்ல ருசி தெரிஞ்சிருக்காது. இன்னொண்ணு கடிங்க" என்று தட்டை நீட்டினார் மேனேஜர்.

"பல்வலி சார். கடிக்க முடியலை."

"அடடா, முன்னாடியே சொல்லக் கூடாதா? கேக் பிரிவுக்கு வாங்க. கடிக்கவே வேண்டாம், பஞ்சு மாதிரி கரையும்!"

ஒரு பிஸ்கட்டுக்குப் பயந்தவர் முன்னால் ஆறேழு கேக் வந்து உட்கார்ந்தது. ருசிக்காரருக்கு வியர்த்தது. வேறு வழி தெரியாமல் ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, "ஆகா!" என்றார்.

"பாத்தீங்களா! அனுபவம்னா இது. வாசனையிலேயே ருசி சொல்றார்!" என்று மேனேஜர் பூரித்துப் போனார்.

அன்றிலிருந்து வாசனைதான், 'ஆகா!'தான். மாத்திரையும் கைகொடுத்தது, கொப்புளங்கள் காய்ந்தன. மனைவி பக்கத்திலேயே நிம்மதியாகப் படுத்தார். மனசுதான் அரித்தது. தின்னாமலே சரக்கை அனுப்புகிறோமே!

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். தொலைந்தோம் என்று போனால், அவர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார்.

"பிரமாதம்! தித்திப்பே இல்லாத பிஸ்கட்டை எந்தத் தைரியத்துல பாஸ் பண்ணினீங்க? வயசானவங்க தேடித்தேடி வாங்கறாங்களாம். கடைக்காரங்க போன் மேல போன்!"

ருசிக்காரருக்குத் தாங்கவில்லை. சட்டைக் கையை மடித்துத் தழும்புகளைக் காட்டி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

மேனேஜர் தழும்புகளைக் குனிந்து பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இதையா ஒளிச்சீங்க? உங்களை மாதிரி ஆளுங்களுக்காகவே அரிசி மாவு பிஸ்கட் தனியா போடப் போறோம். அதுக்கு நீங்கதான் ருசிக்காரர். கோதுமை பிஸ்கட்டை வேற ஆள் தின்னு பாக்கட்டும்."

ருசிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். எத்தனையோ நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது.

கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாவு கலக்கும் அக்கா, அவரை ஓரமாக இழுத்தாள்.

"அண்ணே, புது ஆள் நிஜமாவே தின்னு பாப்பாரா? அப்படின்னா முதல்ல அந்தச் சர்க்கரை போடற மெஷினை ரிப்பேர் பண்ணச் சொல்லுங்க. அது நின்னுபோய் ரொம்ப நாளாச்சு!"