பத்தொன்பது வண்டிக்கு ஆயுத பூஜை

ஆயுத பூஜை. ஞாயிற்றுக்கிழமை வேறு. பத்தாங் காலி ஊரில் எல்லார் வீட்டிலும் சந்தோஷமாக வண்டி கழுவிக்கொண்டிருக்க, திவாகரன் மட்டும் வாசலுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தார். கலக்கத்துக்குக் காரணம் உள்ளங்கை நீளம்கூட இல்லை. ஆனால் பத்தொன்பது இருந்தது.

திவாகரனுக்குப் பழைய பொம்மைக் கார்கள் என்றால் உயிர். உலோகத்தில் வார்த்தவை, அவரைவிட வயதில் மூத்தவை. ரவாங் பழைய சாமான் சந்தையில் சாயம் உரிந்து அநாதையாகக் கிடப்பதைத் தூக்கி வருவார். அடித்தகட்டை டிரில் போட்டுக் கழற்றி, உடம்பைச் சாயம் நீக்கும் மருந்தில் ஊறவைத்து, பல் பிரஷால் தேய்த்து, பிரைமர் அடித்து, புதுச் சாயம் பூசி, பல்குத்தும் குச்சி நுனியால் முன்விளக்குக்கு வெள்ளி வர்ணம் தொட்டு வைப்பார். தன் தலைக்குச் சாயம் அடிக்க அவருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

மனைவி அன்பரசிக்கு டப்பர்வேர் பிளாஸ்டிக் டப்பாக்கள் என்றால் உயிர். ஹாலில் இருந்ததோ ஒரே கண்ணாடி அலமாரி. இருவரும் அதற்காக மாதக்கணக்கில் முட்டி மோதியதில் போன தீபாவளிக்கு ஓர் ஒப்பந்தம் ஆனது. அலமாரி கார்களுக்கே. ஆனால் பன்னிரண்டு கார்தான். பதின்மூன்றாவது இந்த வீட்டுக்குள் வந்தால் அலமாரி டப்பர்வேருக்கு. வாய்வார்த்தையை நம்பாத அன்பரசி, சூடத்தை அணைக்கவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஏழு கார் வந்துவிட்டது. என்ன செய்வது, சந்தையில் அதுகளே அவரைக் கூப்பிட்டதுபோல இருந்ததாம். புதியது ஒன்று தயாரானதும் அலமாரியில் இருக்கும் ஒன்றை எடுத்து, ஸ்டோர் ரூமில் பழைய ரைஸ் குக்கர் பெட்டிக்குள் தள்ளிவிடுவார்.

“என்னங்க, இது புதுசா இருக்கே?”

“பழசுதான் லா. சாயம் மாத்தினேன்.”

“நேத்து பச்சையா இருந்துச்சு.”

“இன்னிக்கு செவப்பு.”

“நேத்து லோரியா இருந்துச்சு.”

“அது... கொஞ்சம் ஜாஸ்தியா தேய்ச்சிட்டேன்.”

அன்பரசி பன்னிரண்டு வரை எண்ணுவாள். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். சண்டை போட்டிருந்தால் அவருக்கு ஒழுங்காகச் சோறு இறங்கியிருக்கும். அவள் பேசாமல் போனதுதான் பயமாக இருந்தது.

இப்போது பூஜை. மைவி காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. பன்னிரண்டு பொம்மைக் கார்களும் தாம்பாளத்தில் வரிசை கட்டி நின்றன. எலுமிச்சை வைத்தால் கார் மறைந்துவிடும் என்று, ஒவ்வொரு காரின் சக்கரத்தடியிலும் கோலிக்குண்டு அளவிலான லீமாவ் கஸ்தூரி எலுமிச்சை ஒன்று வைத்தாள் அன்பரசி.

“பாசார்ல முப்பது வாங்கினேன். உங்களுக்குப் பன்னெண்டு போதும்ல?”

“போ... போதும்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பொட்டு வெக்காத வண்டி வீட்டுக்கு ஆகாதுன்னு நீங்கதான் சொல்வீங்க.”

அதுதான் அவருடைய வியாதி. போன வருஷம் அவசரத்தில் ஒரு பொம்மை வேனுக்குப் பொட்டு வைக்க மறந்துபோனார். மறுவாரமே அதன் சக்கரம் கழன்றது. அதோடு விட்டதா? மைவிக்கு டயர் பஞ்சர். மாமியார் கலும்பாங்கிலிருந்து வந்து மூன்று வாரம் தங்கினார். எல்லாம் அந்த வேன் செய்த வேலை என்று திவாகரன் இன்றைக்கும் நம்புகிறார். ஒரு வேனுக்கே மூன்று வாரம் என்றால், ஏழு வண்டிக்கு எத்தனை வாரம்?

சுண்டல் தாளிக்க அன்பரசி உள்ளே போனாள். லீமாவ் பையை மேசைமேலேயே விட்டுவிட்டுப் போனாள்.

திவாகரன் ஏழு பழத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விரலைச் சந்தனத்தில் தோய்த்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் பாய்ந்தார். ஏழுக்கும் பொட்டு. பொம்மைக் காருக்குப் பழம் நசுக்கும் கனம் ஏது? கட்டைவிரலால் அழுத்தினார். ஒன்று நேராகக் கண்ணில் பீய்ச்சியது. கண்ணீரும் பக்தியுமாக வேலையை முடித்துப் பெட்டியை மூடி மூச்சு விட்டார்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது. முப்பது! கணக்குச் சொன்னவள் எண்ணாமல் விடுவாளா? பையில் பதினெட்டு இருக்க வேண்டும். பதினொன்றுதான் இருக்கிறது.

பின்வாசல் வழியாக ஓடினார். பக்கத்து வீட்டு ரெங்கசாமி வேலியோரத்தில் தன் லீமாவ் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஏழு லீமாவ் குடுங்க. உயிர் போற அவசரம்!”

“வயித்து வலியா?”

“வரப் போகுதுண்ணே!”

“பத்தா பறிச்சுக்க லா.”

“ஐயோ வேணாம்! ஏழு! கரெக்டா ஏழு!”

ரெங்கசாமி அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். திவாகரனுக்கு மானத்தைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. ஏழு பழத்தைப் பறித்து வந்து லீமாவ் பையில் போட்டு, நன்றாகக் குலுக்கிவிட்டு, கார்களுக்கு முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டபடி உட்கார்ந்துகொண்டார்.

அன்பரசி வந்தாள். பையை மேசையில் கொட்டினாள். நிதானமாக எண்ணினாள். பதினாறு. பதினேழு. பதினெட்டு.

“சரியா இருக்கு.”

திவாகரனுக்கு உச்சி குளிர்ந்தது. ஜெயித்தாயிற்று! இத்தனை மாதத்தில் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

அன்பரசி எழுந்து போகவில்லை. குவியலிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஓரமாக வரிசை வைத்தாள். ஏழு.

“ஏங்க, நான் வாங்கினதெல்லாம் பழுத்து மஞ்சளா இருக்கு. இந்த ஏழு மட்டும் பச்சையா, காம்பும் எலையுமா இருக்கே?”

திவாகரனின் வாய் பழக்கதோஷத்தில் தானாகத் திறந்தது.

“சாயம் மாத்தினேன்.”

அன்பரசி எழுந்தாள். சமையலறையிலிருந்து டப்பர்வேர் அடுக்கை இரண்டு கையாலும் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள். சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள்.

“இதுங்களுக்கும் உங்க கையாலயே பொட்டு வெச்சிருங்க. இன்னிக்குப் புது வீடு குடிபோகுதுங்க.”